சித்தியின் மூன்று பற்கள்

எவர்சில்வர் தட்டில் 'டங்' என்று விழுந்தது அந்த முன்பல். குறுக்கே தேன்நிறக் கோடுகள், ஓரத்தில் காவிக் கறை. வேர் மட்டும் நீளமாக, ஒரு பொட்டுச் சொத்தை இல்லாமல் இருந்தது. நுனியில் சித்தியின் சதை ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். இரத்தத்தைக் கண்டு அல்ல. அந்தப் பல் ஆஸ்பத்திரி அறையில் ஒரு வருடமாக இரத்தமும் சீழும் துடைத்துப் பழகியவள் நான்.

ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு இந்தப் பல்தான். போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு சின்ன வயதிலேயே பல்லில் கறையாக ஏறிவிடும். கறை வேறு, சொத்தை வேறு. கல்லூரித் தேர்வில் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியலில் பட்டமும் வாங்கினேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறேன் என்றுதான் ஓசூரில் ஒரு பல் டாக்டர் என்னை வரவேற்பு மேசைக்கு எடுத்துக்கொண்டார்; ஆள் இல்லாதபோது உள்ளே உதவிக்கும் நிற்பேன். "முன்னாடி உக்கார்ற பொண்ணுக்கு இந்தக் கலர் ஆகாதும்மா" என்று முதல் மாதமே என் முன்பற்களை மேலாகத் தேய்த்து வெள்ளை உறை ஒட்டிவிட்டார். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை, ஓசூரை ஒட்டிய ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறவள். ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் ஒரு முன்பல் போயிருந்தது. சிரிப்பு வந்தால், முள்ளுக்காகப் போட்ட கையுறையோடு வாயைப் பொத்திக்கொள்வாளாம். "கதவில்லாத வூடாட்டம் இருக்குது பாப்பா என் வாயி. ஒரே ஒரு பல்லு வெக்கச் சொல்லு, போதும்."

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "பக்கத்துல மூணும் வீக்கா இருக்கும்மா. எடுத்துட்டு நாலுக்கும் இம்ப்ளான்ட் போட்டுடலாம். தாடை எலும்புல ஸ்க்ரூ வெச்சுப் பல்லு மாட்டுறது. சாகற வரைக்கும் ஆடாது. பணத்தைத் தவணையில கட்டிக்கலாம்."

சித்தி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஆடவே இல்லியே பாப்பா. நேத்துகூட கரும்பு கடிச்சேன்."

ரேஷன் கடைச் சீட்டிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் என்னிடம் காட்டாமல் எங்கள் வீட்டில் யாரும் எதையும் செய்யமாட்டார்கள். நான் தலையாட்டினால் சரி. எக்ஸ்ரேயில் அந்த மூன்று வேர்களும் முழுதாக நிற்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் டாக்டர் முன்னால் கரும்புக் கதை பேசுகிறாளே என்று வெட்கமாக இருந்தது. "டாக்டரவிட உனக்குத் தெரியுமா? சும்மா இரு சித்தி" என்றேன். "படிச்ச புள்ள சொன்னா சரிதான்" என்று, சம்மதச் சீட்டில் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

மூன்றும் லேசில் வரவில்லை. டாக்டர் குறடை முறுக்கி முறுக்கி வியர்த்துப்போனார். "உங்க ஊர்ல பல்லா முளைக்குது, பாறையா?" என்றார். சித்தியின் கண்ணோரம் நீர் வழிந்துகொண்டிருந்தது. நான் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

பிறகு எலும்பில் துளை போட்டார்கள், திருகுகளை இறக்கினார்கள். நான்கில் இரண்டு எலும்போடு சேரவில்லை. ஈறு வீங்கிச் சீழ் கட்டியது. சித்தி கிட்டே வந்து பேசியபோது அழுகல் வாடை அடித்தது. என்னை அறியாமல் முகத்தைத் திருப்பினேன். அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னிடமும் கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள்.

"வாயைச் சரியா கழுவலன்னு சொல்லி அனுப்பும்மா" என்றார் டாக்டர். அன்றுதான் கேட்டேன். "சார், எனக்கும் அதே பல்லுதானே? எனக்கு ஏன் பிடுங்கல?"

அவர் கை துடைத்துக்கொண்டே, "நீ நம்ம ஸ்டாஃப் ஆச்சேம்மா" என்றார். மிரட்டல் இல்லை, கோபம் இல்லை. பிரியமாகத்தான் சொன்னார்.

வேலையை விட்டேன். ஆனால் சித்தியிடம் உண்மையைச் சொல்ல ஒரு வருடம் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமைதான், அன்று தட்டிலிருந்து எடுத்துக் கழுவி வைத்திருந்த அந்த ஒரு பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். களியை மோரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். எதைக் கடித்தாலும் ஈறு இன்னும் வலிப்பதால் இப்போது அவளுக்கு அதுதான் முடிகிறது. எல்லாவற்றையும் சொன்னேன். பல் நல்ல பல் என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவள் பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு கழுவிக் கவிழ்த்திருந்த தட்டை நிமிர்த்தி அதில் போட்டாள். டங்.

"அப்ப உன்னுது?"

"உறைக்குள்ள அப்படியேதான் இருக்குது சித்தி."

டப்பாவிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்து நீட்டினாள். யாரோ வாங்கிவந்து கொடுத்திருக்க வேண்டும்.

"கடி. எனக்குக் கேக்கணும்."

கடித்தேன்.