சுப்புத்தாய் தின்ற மருந்து

என் தங்கச்சி சுப்புத்தாய் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். சின்னாளப்பட்டியில் சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது அவள் வேலை. துணியைத் துளித்துளியாகக் கிள்ளி நூலால் இறுக்குவாள். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடவுளுக்கும் குசும்பு உண்டு என்று நான் திட்டாத நாள் கிடையாது.

மகள் பெயர் ஜோதிமணி. 1962இல் அவளுக்கு எட்டு வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், முகம் பார்க்கமாட்டாள், யாராவது தொட்டால் அலறுவாள். பக்கத்து வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்டால் போதும், சுவரில் தலையை முட்ட ஆரம்பித்துவிடுவாள். சுவர் முழுக்கப் பழஞ்சேலையை மடித்து ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அப்படியும் நெற்றி காய்த்துப் போயிருந்தது.

ஆனால் ஒன்று. சாயம் ஏற்றிக் காய்ந்த சேலையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இழுத்தால், முடிச்செல்லாம் பொரி பொரிவதுபோலப் படபடவென்று தெறிக்கும். சாயம் ஏறாத இடத்தில் வெள்ளைப் புள்ளி முழிக்கும். அந்தச் சத்தத்துக்கு மட்டும் ஜோதிமணி சிரிப்பாள். அடேயப்பா, என்ன சிரிப்பு! தெருவே எட்டிப் பார்க்கும்.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். “இது பிறவியிலேயே வந்ததும்மா. மருந்து கிடையாது. பிரியமா வச்சுக்கங்க” என்றார். நல்ல மனுசன். ஆனால் மருந்து இல்லை என்று சொல்கிற டாக்டரை எவன் நம்புவான்? நான் நம்பவில்லை.

நான் அப்போது நத்தம் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் வாங்குகிற அத்தனை பேரும் எனக்கு வைத்தியம் சொன்னார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார்கள், தடவினோம். கழுதைப்பால் கொடுக்கச் சொன்னார்கள், கழுதையைத் தேடி நான் அலைந்த கதை தனிக்கதை. கடைசியில் நத்தம் சந்தையில் ஒருவர் மூன்று கறுப்பு உருண்டையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். “பிள்ளை பெட்டிப்பாம்பா அடங்கிரும்” என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், முட்டாப்பயல்.

மறுநாள் காலையில் பொட்டலத்தைத் தங்கச்சி வீட்டில் பிரித்தேன். அவள் வீட்டுக்காரர் தண்டாயுதபாணி தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

“குடுத்துத்தான் பாப்போம் மச்சான். அவ நெத்தியப் பாத்தீகளா? இன்னொரு தடவ உடைஞ்சா கண்ணு போயிரும்” என்றார்.

சுப்புத்தாய் ஓர் உருண்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். “பால் குடிக்கையில இவளுக்கு வயித்தால போச்சே, மருந்த யாரு தின்னா? நான்தானே? இதையும் நான் தின்னுட்டுத்தான் இவளுக்கு.”

பால் குடிக்கிற பிள்ளைக்குச் சீக்கு என்றால் எங்கள் பக்கம் தாய்தான் மருந்து தின்பாள், பத்தியமும் இருப்பாள். அதற்காக எட்டு வயசுப் பிள்ளைக்குமா?

“அடி கூறுகெட்டவளே, இப்ப எந்தப் பாலுடி?” என்று நான் சிரித்து முடிப்பதற்குள் வாயில் போட்டு விழுங்கிவிட்டாள்.

அரைமணி நேரம் வழக்கம்போலப் பேசினாள். அப்புறம் பாதிப் பேச்சில் நின்றுபோனாள். தூணில் சாய்ந்து, கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். இவள் வாய் செத்த நேரம் ஓயாதா என்று சின்ன வயதிலிருந்து வேண்டிக்கொண்டவன் நான். ஓய்ந்தபோது, பேசுடி பேசுடி என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். உலையில் சோறு பொங்கி வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்டாயுதபாணி உள்ளூர் டாக்டரைக் கூட்டிவர ஓடினார்.

அந்த நேரத்தில்தான் ஜோதிமணி வந்தாள். கொடியில் காய்ந்த சிவப்புச் சேலையை இழுத்துக்கொண்டு வந்து, ஒரு முனையைத் தாயின் கையில் வைத்தாள். மறுமுனையை இழுத்தாள். சேலை நழுவி விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

“நான் புடிக்கிறேன் தாயி” என்று முனையை எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கித் தாயின் கையிலேயே வைத்தாள். பிறகு கிட்டப் போய், அவள் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். தானாக ஒருவரைத் தொட்டு அறியாத பிள்ளை! நான் ஓவென்று அழுதுவிட்டேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

டாக்டர் வந்து நாடி பார்த்தார். உயிருக்குப் பயமில்லை, மயக்கம் தானே தெளியும் என்றார். இதைப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு என்னை ஏசின ஏச்சு இருக்கிறதே, அதெல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சுப்புத்தாய் வாயைத் திறந்தாள்.

“காலையில சோறு பொங்குச்சே, விறக இழுத்து அணைக்கக்கூடத் தெரியாதாண்ணே உனக்கு?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “நீ பாத்தியா?”

“எல்லாம் பாத்தேன். சேலையக் கையில வச்சா. தாடையத் தொட்டா. அம்புட்டும் தெரிஞ்சுச்சு. கைதான் வரல, திரும்பத்தான் முடியல.” சொல்லிவிட்டு மகளையே பார்த்தாள். “ஏண்ணே, இம்புட்டு வருசமா நான் கூப்பிட்டப்பெல்லாம் இவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?”

தண்டாயுதபாணி மீதி இரண்டு உருண்டையையும் சாக்கடையில் போட்டுக் குச்சியால் தள்ளிவிட்டார். சுப்புத்தாய் தள்ளாடி எழுந்து சேலை முனையைக் கெட்டியாகப் பிடித்தாள். “இழு தாயி!” படபடவென்று முடிச்சுகள் தெறித்தன. அன்றைக்கு ஜோதிமணி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகும் அவள் பேசவில்லை. சுவரில் சேலையும் இருந்தது. உலக்கை போடுகிற வீட்டுக்காரிகள் மட்டும் முன்கூட்டியே வந்து சொல்லிவிடுவார்கள், சுப்புத்தாய் மகளைக் குளத்துப் பக்கம் கூட்டிப்போய்விடுவாள். தெருவில் யார் வீட்டுச் சேலை காய்ந்தாலும் முடிச்சுத் தெறிக்க ஜோதிமணியிடம்தான் வந்தது. ஒருநாளைக்கு நாலு தடவை சிரிப்பாள். வேறு என்ன வேண்டும்?

1968இல் ஒருநாள் போயிருந்தேன். ஜோதிமணி வாசலில் இருந்தாள். “இதுக்கு என்ன தெரியும், பாவம்” என்று யாரிடமோ சொன்னேன். உள்ளேயிருந்து சுப்புத்தாய் கரண்டியோடு வந்து நின்றாள்.

“பாத்துப் பேசுண்ணே. அவ கேட்டுக்கிட்டிருக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. ஜோதிமணி பக்கத்தில், தொடாமல், தள்ளி உட்கார்ந்தேன். “மாமன் தெரியாமச் சொல்லிட்டேன் தாயி” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த சேலையின் ஒரு முனையை என் பக்கம் தள்ளினாள்.