கை வைக்காத சட்டை

கத்திரி வெயிலில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் கழுத்தில் வியர்வை வழியும் வேங்கிக்கால் அலுவலகத்தில், எங்கள் சூப்பிரண்டண்ட் மேடம் மணிக்கட்டு வரை கை நீண்ட ரவிக்கையோடு கோப்பு பார்த்துக்கொண்டிருப்பார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கலையாத மடிப்பு, இடது மணிக்கட்டில் ஒரு சின்னப் பொத்தான். அவரை நினைத்தால் அந்தப் பொத்தான்தான் முதலில் வருகிறது. யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை விரல்கள் தாமாகப் போய், அது போட்டபடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். செக்‌ஷனில் இதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தீக்காயம் என்றார்கள். சின்ன வயதில் யார் பெயரையோ பச்சை குத்தியிருப்பார் என்றார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள் அப்படித்தான் உடுத்துவார்கள் என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். மேடம் இறந்துபோன பிறகும் பலருக்கு உண்மையான காரணம் தெரியாது.

எனக்குத் தெரிந்தது தற்செயலாகத்தான். ஒருநாள் மதியம் பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறையில் மேடம் அலமாரியைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். நான் அப்போது அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவள். யாருக்கும் தெரியாமல் என் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த பக்கத்தில் தனியாகத்தான் இருந்தார். காற்று படட்டுமே என்று மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி ரவிக்கைக் கையைச் சுருட்டினேன். முழங்கை வரை ஒரு நரம்பு கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்து, முடிச்சு முடிச்சாக நெளிந்து கிடந்தது. அதன்மேல் ஊசி குத்தின தழும்புகள். நான் பார்த்ததை அவர் பார்த்தார். "டயாலிசிஸ் கை," என்றார். ரெண்டு கிட்னியும் போய்விட்டதாம். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, நேராக அலுவலகம் வருகிறார். வரும் வழியில் விபூதி பூசிக்கொள்வாராம். கோயில் ஊரான எங்கள் ஊரில் நெற்றியில் விபூதியோடு தாமதமாக வருபவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

"யாருகிட்டயும் சொல்லிடாத. அய்யோ பாவம்னு ஒரு மூஞ்சி வெச்சுக்குவாங்க. ஊசி கூட வலிக்கல, அந்த மூஞ்சிதான் தாங்காது," என்றார். நான் சொல்லவில்லை. அதன்பின் மதியச் சாப்பாட்டை அவர் அறையிலேயே என்னோடு சாப்பிட ஆரம்பித்தார். அளந்து குடிக்கும் தண்ணீர், உப்பில்லாத காய். அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் அம்மாவோடு வருவாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மேடத்துக்குப் பக்கத்துக் கட்டில். மெஷின் ஓடும் நேரமெல்லாம் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டே இருப்பாளாம். அசையக்கூடாது என்று நர்ஸ் ஒவ்வொரு தடவையும் அதட்டுவார். ஒருநாள், கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த அன்று, ஒரு பக்க இயர்போனைக் கழற்றி மேடத்திடம் நீட்டினாள். மேடம் மரியாதைக்கு வாங்கிக் காதில் வைத்திருக்கிறார். "தகர டப்பாவைத் தெருவுல உருட்டுற மாதிரி இருந்துச்சு," என்று என்னிடம் சொன்னார். கிட்டார், டிரம்ஸ், தொண்டை கிழியக் கத்தும் ஒரு குரல். இங்கிலீஷில் என்னதான் சொல்கிறான் என்று கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலை மேடம் அவள் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினார்.

"வார்த்தை எனக்கும் பாதிதான் மேடம் புரியும். ஆனா நாம இங்க சத்தமே போடாம படுத்துக்கினு இருக்கோம் இல்ல? நமக்குப் பதிலா யாராவது கத்தட்டுமே."

அதைச் சொல்லிவிட்டு மேடம் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

அந்த ஐப்பசியில், அவள் உயிராக நினைக்கும் அந்த இசைக்குழு தைப் பொங்கலுக்குப் பிறகு சென்னைக்கு வரப்போகிறது என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து மெஷின் ஓடும் நேரம் முழுவதும் ஒரே பேச்சுதான். கச்சேரிக்கு என்ன போட்டுக்கொண்டு போவது? அவளுக்கு அது ஒரு பெரிய படிப்பு. துப்பட்டா கூடவே கூடாது, கூட்டத்தில் யாராவது மிதித்துவிடுவார்கள். செருப்பு கூடாது, எல்லோரும் குதிப்பார்கள், ஷூதான். ஜீன்ஸ் பழசாக இருந்தால் நல்லது. முக்கியமாகக் கருப்பு. அங்கே எல்லோரும் கருப்புதான் போடுவார்களாம். அவள் அம்மாவோ, நாலு பேர் கூடும் இடத்துக்குப் பொட்டப்புள்ள கருப்பா போட்டுனு போவாங்களா என்று திட்டிக்கொண்டிருந்தார். மேடமும் மெள்ள அந்தப் பேச்சுக்குள் இழுக்கப்பட்டுவிட்டார். "இன்னிக்கு ஷூ பத்திப் பேசினா," என்று டப்பாவைத் திறக்கும்போதே ஆரம்பிப்பார். கோப்புக் குறிப்பில் ஒரு காற்புள்ளி தவறினாலும் திருப்பி அனுப்பும் எங்கள் மேடமா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"பூ வெச்சுக்கலாமாடினு கேட்டேன். மல்லிப்பூ வெச்சுக்கினு ராக் கச்சேரியானு சிரிக்கிறா. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, வெச்சுக்கலாம் மேடம், யார் கேக்கப் போறாங்கன்றா."

"நீங்களும் போறீங்களா மேடம்?" என்றேன்.

"துணைக்கு ஆள் வந்தாதான் அனுப்புவேன்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க. நான் இந்தப் புடவையில வந்தா, டிக்கெட் செக் பண்ண வந்த ஆபீசர்னு எல்லாரும் ஒதுங்கி நிப்பாங்களாம். அவதான் சொல்றா."

இரண்டு டிக்கெட்டையும் என் போனில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அன்று மேடம் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பெண் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாளாம். கை வைக்காத சட்டைதான் போடப்போகிறாள். அவளுக்கும் இதே கைதான். காலேஜில் யாருக்கும் தெரியாமல் எப்போதும் முழுக்கை. "மூடிக்கினே இருந்து மூடிக்கினே போயிடுவேன் போலிருக்கு மேடம். ஒரே ஒரு நாள், தெரியாத ஊர்ல, தெரியாத ஜனங்க நடுவுல, கையைத் திறந்து வெச்சுக்கினு நிக்கணும்" என்றிருக்கிறாள். அதைச் சொல்லும்போது மேடத்தின் விரல்கள் பொத்தானில் இருந்தன.

கார்த்திகை மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று வேலூருக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. மேடத்துக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவர் விடியற்காலையில் போய்ப் படுத்தபோது பக்கத்துக் கட்டிலில் வேறு ஒருவர் இருந்தார். நர்ஸைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அன்றும் விபூதி பூசிக்கொண்டு அலுவலகம் வந்தார். மாலை வரை கோப்பு பார்த்தார். மதியம் டப்பாவைத் திறக்காமல் என்னைப் பார்த்து, "அந்தக் கட்டில்ல வேற ஆளு," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குப் பேச எதுவும் இல்லாமல் போனது.

மார்கழி நடுவில் ஒருநாள் திடீரென்று, "டிக்கெட் உன் போன்ல இருக்கு இல்ல?" என்று கேட்டார்.

"இருக்குது மேடம். கேன்சல் பண்ணிடட்டுமா?"

"வேணாம். நீ வர்றியா?" சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன போட்டுக்கினு போறது?"

சனிக்கிழமை சாயங்காலம் தேரடி வீதியில் கடை கடையாக ஏறினோம். முதல் கடையில் கருப்புச் சட்டை என்றதும், "வீட்ல யாரு மாலை போட்டிருக்காங்க?" என்று கேட்டார்கள். அது ஐயப்பன் சீசன். கருப்பு வேட்டியும் கருப்புத் துண்டும் கூரை வரை அடுக்கியிருந்தது. பொம்பளைங்களுக்கு என்றதும் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் ஒரு கடையில் முட்டிக்குக் கீழே வரும் கருப்பு டாப்ஸ் ஒன்று கிடைத்தது. எந்த வேலைப்பாடும் இல்லாதது. கை இல்லை. விற்கிற பெண் மேடத்தின் முழுக்கை ரவிக்கையைப் பார்த்துவிட்டு உதவியாகச் சொன்னாள்: "கைத்துணி உள்ள தனியா வெச்சிருக்குது மேடம். டைலர்கிட்ட கொடுத்தா பத்து நிமிஷத்துல தெச்சுக் கொடுத்துடுவாங்க." மேடம் உடுப்பைத் திருப்பி, உள்ளே மடித்துப் பின் குத்தியிருந்த இரண்டு கருப்புத் துண்டுகளையும் எடுத்தார். ஒரு கணம் கையில் வைத்திருந்தார். பிறகு கடைப்பெண்ணிடமே கொடுத்து, "இது வேணாம்மா," என்றார்.

கச்சேரி நாளன்று தாம்பரத்தில் என் தங்கை வீட்டில் உடுப்பு மாற்றினோம். மேடம் அறையிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்தபோது மேலே ஒரு சால்வை போர்த்தியிருந்தார். மைதானத்து வாசலில் சோதனை போடும் பெண் சால்வையை எடுக்கச் சொன்னாள். எடுத்தார். அவள் கண் மேடத்தின் கையில் நின்றது.

"என்னம்மா இது?"

"டயாலிசிஸுக்கு ஊசி போடுற கை."

"அழுத்தினா வலிக்குமா?"

"வலிக்காது."

அவள் அந்தக் கையைத் தொடாமல், "உள்ள போங்கம்மா, ஓரமா நில்லுங்க, தள்ளுவாங்க," என்றாள். மேடம் சால்வையை மடித்து என் பையில் வைத்தார். நாங்கள் உள்ளே போனோம். அவ்வளவு பேர். கீழ்பென்னாத்தூர்ப் பெண் சொன்னதுபோல எங்கும் கருப்பு. முடியைப் பச்சையாக்கிக்கொண்டவர்கள், கிழிந்த ஜீன்ஸ் போட்டவர்கள், கழுத்து முழுக்கப் பச்சை குத்திக்கொண்டவர்கள். மேடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். யாராவது தன் கையைப் பார்க்கிறார்களா என்று தேடினார் என்று நினைக்கிறேன். யாரும் பார்க்கவில்லை. "இவ்ளோதானா," என்றார் என்னிடம். சந்தோஷமாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் வெயிலில் புழுங்கியதை நினைத்தாரோ, இதைப் பார்க்காமல் போனவளை நினைத்தாரோ.

பாட்டு ஆரம்பித்ததும் தரை அதிர்ந்தது. அவள் கேட்க வைத்த பாட்டு எதுவோ வந்திருக்க வேண்டும். மேடம் என் தோளைப் பிடித்தார். ஒரு கட்டத்தில் மேடையில் இருந்தவன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். எல்லோரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். எங்கள் சூப்பிரண்டண்ட் மேடம் இடது கையை மேலே தூக்கி, வாயைத் திறந்து கத்தினார். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் சத்தம். கூட்டம் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பையன் சிரித்துக்கொண்டே திரும்பினான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவனும் அவரோடு சேர்ந்து கத்தினான்.

திங்கட்கிழமை மேடம் வழக்கம்போல முழுக்கை ரவிக்கையில் வந்தார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் போகலாம் என்று அவர் கூப்பிட்டபோதும் அதே ரவிக்கைதான். அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் முறத்தை வைத்து விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். எங்களைக் கண்டதும் எழுந்து பாய் போட்டார். கச்சேரிக்குப் போனதை மேடம் சொன்னார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கூட்டம் ஜாஸ்தியாம்மா?"

"ஜாஸ்திதான்."

"அவ எங்க நின்னிருப்பா?"

மேடம் கொஞ்சம் யோசித்தார். "முன்னாடி, தடுப்புக் கம்பிய ஒட்டி. என்னை நடுவுல விட்டுட்டு ஓடிப் போயிருப்பா."

"ஆமா, ஓடிடுவா," என்று அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் முகம் மாறிவிட்டது. "அவளுக்கு இருந்த மாதிரியே உங்களுக்கும் இடது கையிலதானேம்மா? கொஞ்சம் காட்டுங்க."

மேடம் பொத்தானைக் கழற்றித் துணியை மேலே தள்ளினார். அந்த அம்மா உள்ளங்கையிலிருந்த மல்லாட்டைத் தூசியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, புடைத்திருந்த அந்த நரம்பின்மேல் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தெனம் காலையில எழுந்ததும் நான்தான் கை வெச்சுப் பாப்பேன். உள்ள உர்ருனு ஓடும், பூனைக்குட்டி உறுமுற மாதிரி. அந்த ஓட்டம் நின்னா உடனே கூட்டினு வந்துடணும்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. ஓடுச்சுன்னா எம் பொண்ணுக்கு இன்னிக்கு ஒண்ணுமில்லனு வேலைக்குப் போவேன். கடைசி வரைக்கும் அது நல்லாத்தாம்மா ஓடிக்கினு இருந்துச்சு." அழுத்திப் பார்த்தார். "ஓடுது."

அவர் கையை எடுக்கவில்லை. மேடமும் இழுத்துக்கொள்ளவில்லை. நான் எழுந்து தெருவில் போய் நின்றுகொண்டேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் மேடம் கீழ்பென்னாத்தூர் போய்வந்தார். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஒரு விடியற்காலையில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இதயம் நின்றுவிட்டது. வேலூரிலிருந்து அவர் தம்பி வந்து எல்லாவற்றையும் முடித்தார். அந்தப் பெண்ணின் அம்மா பஸ் பிடித்து வந்து, உறவுக்காரர்களுக்குப் பின்னால் யாரென்று யாருக்கும் தெரியாமல் நின்றிருந்தார்.

இப்போதும் அந்த அம்மா பட்டா, சான்றிதழ் என்று ஏதாவது வேலையாக வேங்கிக்கால் வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டார். டீ வாங்கிக் கொடுப்பேன். மழை பெய்ததா, மல்லாட்டை எப்படி என்று பேசுவோம். பஸ் வந்ததும் என் இடது கையைப் பிடித்துக்கொள்வார். எந்த நோயும் இல்லாத கை, உள்ளே எதுவும் ஓடுவது வெளியே தெரியாத கை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, "வர்றேம்மா," என்று விட்டுவிடுவார்.