தெக்லா முட்டை வைத்த பீரங்கி

நெஸ்டர் ஹிரிட்சாக் என் மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன். அதனால் அவர் எனக்குக் கூமே, பெண் என்பதால் நான் அவருக்குக் கூமோ. எங்கள் ஊர் திப்ரோவாவில் பாதிப் பேர் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம். தானியக் கிடங்கில் எடை பார்க்கும் வேலை அவருக்கு. கோதுமையைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்லிவிடுவார். யாரிடமும் சண்டை கிடையாது. கோவிலில் மட்டும் கடைசி வரிசையை விட்டு நகரமாட்டார், நற்கருணை வாங்க முன்னால் போகமாட்டார். கேட்டால் முழங்கால் வலி என்பார். கல்யாண வீடுகளில் அதே முழங்காலை வைத்துக்கொண்டுதான் எல்லாரையும்விட அதிகமாக ஆடுவார்.

உலகப் போர் முடிந்து, பிடிபட்ட ஜெர்மன் பீரங்கிகளை ஊருக்கொன்றாக அனுப்பினார்கள். எங்களுக்கு வந்தது ரயிலில் வந்தது. டாங்கியை அடிக்கிற பீரங்கி. நீளக் குழாய், குழாய் நுனியில் குமிழ், முன்னால் இரும்புத் தகடு, பின்னால் மாட்டுவண்டி ஏர்க்கால் மாதிரி விரிந்த இரண்டு கால்கள். பழைய சிப்பாய்கள் கூடும் மன்றத்தின் வாசலில் நிறுத்தினார்கள். ஊரே பார்க்கப் போனது.

தெக்லா அத்தையும் வந்தாள். அவளுடைய ஒரே பிள்ளை யூர்க்கோ, இத்தாலியில் ஒர்த்தோனா என்ற ஊருக்கு வெளியே செத்துப்போனான். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், நாற்பத்து மூன்றில். அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவன் இருந்த அதே பீரங்கிப் படையில்தான் நெஸ்டரும் இருந்தார். கூட்டத்தில் யாரோ இது இத்தாலியிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

"நெஸ்டர், எம்புள்ளைய அடிச்சது இதுதானாப்பா?"

நெஸ்டர் அந்த இரும்புத் தகட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா அத்தை. இதுதான்."

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு நாங்கள் கல்லறைக்குப் போவோம். அவரவர் சொந்தக்காரர் குழியின் மேல் துணி விரித்து, ஈஸ்டர் ரொட்டியும் சாயம் போட்ட முட்டையும் வைத்து, சாமியார் மந்திரித்த பிறகு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த வருஷம் தெக்லா அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு கல்லறைப் பக்கம் வரவில்லை. மன்றத்து வாசலுக்குப் போய்ப் பீரங்கியின் காலில் துணி விரித்து முட்டையை வைத்தாள். சாமியார் தயங்கினார்.

"சாமி, எம்பையன் கடைசியா பாத்தது இதைத்தான். அவன் குழி கடலுக்கு அந்தப் பக்கம். நான் வேற எங்க போவேன்?"

சாமியார் தீர்த்தம் தெளித்தார். கசாப்புக்கடை பெத்ரோ, "ஜெர்மன்காரனுக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சுடா, இனிமே நம்மாளு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நெஸ்டர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார்.

அதிலிருந்து பீரங்கிக்கு வருஷா வருஷம் வர்ணம் பூசுவதை அவரே எடுத்துக்கொண்டார். குண்டு போடும் பின்வாய்ப் பக்கம் மட்டும் பூச்சு மேல் பூச்சு.

"எதுக்குக் கூமே அங்க இவ்ளோ பெயின்ட்? ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரி தடவுறீங்க."

"துரு ஏறுது கூமோ."

இப்படியே காலம் ஓடியது. யூர்க்கோவோடு படித்த பையன்களுக்கெல்லாம் தலை வழுக்கையாகி, பேரன் பேத்தி வந்துவிட்டது. அப்போதுதான் நகரத்து மியூசியத்திலிருந்து லோவல் என்ற மனிதர் வந்தார். ஊர் ஊராகப் போய், மன்ற வாசல்களில் நிற்கும் பீரங்கிகள் என்ன ரகம், எந்த வருஷத்தில் செய்தது என்று பார்த்து, பெயர்ப்பலகை வைப்பது அவர் வேலை. நான் மன்றத்து விருந்துக்கு வரேனிக்கி கொழுக்கட்டை தட்டோடு போனபோது, அவர் முட்டி போட்டு அந்தப் பின்வாயைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நெஸ்டர் கிடங்கிலிருந்து ஓடி வந்தார்.

"அதை விட்ருங்க சார்."

"பழுதாக்க மாட்டேங்க. அடியில வருஷம் குத்தியிருப்பான், அதைப் பாக்கணும்."

"நாப்பத்தி நாலு."

லோவல் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பூசினவனுக்குத் தெரியாதா?"

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் யூர்க்கோவின் நினைவுப் பூசை எந்த வருஷச் சாவுக்கு என்று தெரியும். நாற்பத்து நான்கில் செய்த பீரங்கி நாற்பத்து மூன்றில் எப்படிச் சுடும்? பலகை அடுத்த மாதம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு லோவல் சாப்பிட உள்ளே போனார்.

நெஸ்டர் என் பின்னாலேயே என் வீட்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார்.

"மொத நாளே தெரியும் கூமோ. அன்னிக்கு நாங்க பாத்தது சின்னது. அதுக்கு முன்தகடு வளைஞ்சு இருக்கும். இது மடிச்ச தகடு. பட அட்டையைக் காட்டி எது எந்தப் பீரங்கின்னு கேப்பாங்க. எங்க படையில என்னை அடிச்சுக்க ஆளில்லை."

"அப்ப ஏன் ஆமான்னீங்க?"

"இல்லைன்னா, அப்ப எது, எப்படி நடந்துச்சுன்னு கேப்பாங்கல்ல. அங்க ஒலிவ மரத்துக்கு நடுவுல ஒண்ணு நின்னுச்சு. குழாய் தரையைப் பாத்துத் தொங்குது, ஒரு சக்கரம் மண்ணுல. யூர்க்கோ வண்டி ஓட்டுறவன். 'போலாமா'ன்னு கேட்டான். தூரக்கண்ணாடி எங்கையில. பாத்துட்டு நாந்தான் சொன்னேன், 'அது செத்த பீரங்கிடா, விட்டுட்டு ஓடிட்டானுங்க, போ'ன்னு."

நான் அவருக்கு ஊற்றிய தேநீரை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"போய் அவகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"அத்தைக்கு எம்பது வயசு கூமோ. அந்த இரும்புதான் அவங்களுக்குக் கல்லறை. அதையும் நான் பிடுங்கணுமா?"

"பலகை வந்தா எப்படியும் பிடுங்கத்தான் போகுது. வாசிக்கத் தெரிஞ்சவன் எவனாவது அவ காதுல போடுவான். அதுக்கு முன்னாடி உங்க வாயால கேக்கட்டும். எந்திரிங்க."

"நாளைக்கு..."

"கோட்டைப் போடுங்க."

நானே கூட்டிக்கொண்டு போனேன். விட்டால் திரும்பிவிடுவார் என்று வழியெல்லாம் அவரை ஒட்டியே நடந்தேன். தெக்லா அத்தை பீட்ரூட் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை. பீரங்கி பொய் என்பதைச் சொன்னார். நான் இருமினேன். தூரக்கண்ணாடியையும் சொன்னார், "போ" என்று சொன்னதையும் சொன்னார்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்குக் காலையில அவன் சாப்பிட்டானா?"

நெஸ்டருக்குப் புரியவில்லை. "யாரு அத்தை?"

"எம்புள்ளை. சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். டப்பாக் கறியும் பிஸ்கட்டும். ஒரு கிழவி ஒலிவக்காய் குடுத்தா. கசக்குதுன்னு துப்பிட்டான்."

"கசப்பு அவனுக்கு ஆகாது. குளிருச்சா?"

"மழை. என் கையுறையை அவனுக்குக் குடுத்திருந்தேன். அவனுது தொலைஞ்சு போச்சு."

"தொலைப்பான். என்ன பேசினான்?"

வீட்டில் கறுப்புக் குதிரை குட்டி போட்டிருக்குமா என்று கேட்டானாம். பல்வலி என்றானாம். இருட்டும்வரை அவள் கேட்டாள், அவர் நின்றுகொண்டே சொன்னார். கடைசியில்தான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீ தப்பாப் பாத்துட்டே. சரி. பாக்குறவன் தப்பாப் பாப்பான். ஆனா இதையெல்லாம் இத்தனை வருஷமா நீ ஒருத்தனா வச்சிருந்தியே நெஸ்டர். ஒலிவக்காயைத் துப்பினான்னாவது எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

'போ' என்ற ஒரு சொல்லை மறைக்கப் போய், நெஸ்டர் அந்தப் பையனின் கடைசிக் காலை முழுவதையும் அதோடு சேர்த்துப் பூட்டிவைத்திருந்தார். அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

பலகை வந்தபோது தெக்லா அத்தை போய்ப் பார்க்கவில்லை. லோவல் பீரங்கியை மியூசியத்துக்குக் கேட்டபோது மன்றத்தார் அவளிடம் வந்தார்கள். "எடுத்துட்டுப் போகட்டும். அது யாரோ எவரோ" என்றாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் அவள் வீட்டுக்குப் போகவேண்டும், அது அவள் உத்தரவு. போய் அந்தக் காலையை முதலிலிருந்து சொல்லவேண்டும். ஒருநாள் திரும்பி வரும் வழியில் என் வேலியோரம் நின்றார்.

"முடிஞ்சுதா கூமே?"

"எங்க முடியுது? ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு ஞாபகம் வருது. இன்னிக்கு, அவன் வண்டியில ஏறும்போது பாடிக்கிட்டிருந்தது ஞாபகம் வந்துச்சு." தொப்பியைக் கழற்றினார். "சொன்னதும் எந்தப் பாட்டுன்னு கேட்டாங்க கூமோ. அதை மறந்துட்டேன்."