சனிக்கிழமை ஆபீசர்

தண்டையார்பேட்டைக்குக் குடிவந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சமைப்பதில்லை என்று முடிவு செய்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கு வேலை. மதுரையிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஊர் பிடிபட வேண்டுமானால் தெருத்தெருவாகப் போய்ச் சாப்பிட வேண்டும் என்பது அவர் கட்சி. எட்டாவது படிக்கும் மகனும் இரண்டாவது படிக்கும் மகளும் அவர் பக்கம். நானும் மறுக்கவில்லை.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. திருவொற்றியூரில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தபோது மகள் ஒரே ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து, கண் இரண்டும் மூடிக்கொண்டு, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் என் மடியில் அவள் கிடந்த கிடப்பை இப்போதும் என்னால் நிதானமாக நினைக்க முடியாது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். இறாலும் நண்டும் இவளுக்கு ஆகாது, அவை வெந்த எண்ணெயில் வேறு எது வெந்தாலும் ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இனி வெளிச்சாப்பாடே வேண்டாம் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் கொஞ்ச நாளிலேயே, "ராயபுரத்துல அத்தோ நல்லா இருக்குமாம். நாளைக்குப் போவோமா?" என்று ஆரம்பித்தார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் செய்யும் நூடுல்ஸ் அது. அதில் இறால் பொடி தூவுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அந்தக் கடையில தூவ மாட்டாங்க" என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னாங்க."

யார் சொன்னது என்று கேட்பதற்குள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். மகளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன். அவருக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அன்றே எனக்குள் விழுந்துவிட்டது.

மறுநாள் ராயபுரத்தில் அந்தத் தள்ளுவண்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பெஞ்சைத் துடைத்தார். பிசைகிற பேசினை எங்கள் கண்ணெதிரே இன்னொரு முறை கழுவினார். பக்கத்தில் நின்றவரிடம் தாழ்ந்த குரலில், "ஆபீசரு ஃபேமிலியோட வந்துகிறாரு" என்றார். என் காதில் தெளிவாக விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஒங்கள எதுக்கு ஆபீசர்ங்கறாரு?"

"இந்த ஊர்ல எல்லாரையும் அப்படித்தான் கூப்புடுறாங்க."

எங்களுக்கு முன்னால் சாப்பிட்டவரை அதே ஆள் 'மாமு' என்று கூப்பிட்டதை நான் கேட்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரம் காலையிலேயே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஏலச் சத்தத்தைத் தாண்டி, மீன் வறுத்துத் தரும் ஒரு பெண்மணியிடம் நேராகக் கூட்டிக்கொண்டு போனார். வழி கேட்கவே இல்லை. அவள் இவரைப் பார்த்ததும், "நீ சொன்னா மாரியே எண்ணெய மாத்திட்டேன் நைனா. வோணும்னா மோந்து பாரு" என்றாள். இலையில் நாங்கள் கேட்காத துண்டுகளும் வந்து விழுந்தன. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

நான் சேர்த்து யோசித்தேன். சனிக்கிழமை அவருக்கு அரைநாள்தான் வேலை. ஆனால் சாயங்காலம்தான் வருவார். ஓவர்டைம் என்பார். சட்டையில் வறுத்த எண்ணெய் வாசம் அடிக்கும். போலி அதிகாரி பிடிபட்டார் என்று பேப்பரில் செய்தி வந்தால் அதை இப்போதெல்லாம் இரண்டு தடவை படித்தேன். இவரும் உணவைச் சோதிக்க வந்த ஆபீசர் என்று கடை கடையாகப் போய் மிரட்டுகிறாரா? இல்லை, வேறு ஏதாவதா? அந்த 'வேறு ஏதாவது' என்னென்னவோ ரூபம் எடுத்தது. அவர் குளிக்கும்போது செல்போனை எடுத்துப் பார்த்தேன். யார்டு ஆட்களின் அழைப்புகளும் என்னுடைய அழைப்புகளும்தான் இருந்தன. ஒன்றும் இல்லாததே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, "ஞாயித்துக்கிழமை எண்ணூர் போவோம். முகத்துவாரம் பக்கத்துல மடவை மீன் வறுவல் பிரமாதமாம்" என்றார். சனிக்கிழமையே அவர் அங்கே போவார் என்று கணக்குப் போட்டு, மறுநாள் மத்தியானம் பிள்ளைகளைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு விம்கோ நகர் வரை மெட்ரோவிலும் அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலும் போனேன். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி, அவரை என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. நீலத் தார்ப்பாய் போட்ட கடை ஒன்றில் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே மீன் முள் மட்டும் மிச்சமிருந்த தட்டு. இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு அந்தக் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓவர்டைம் இங்கதானா?" என்றேன்.

அவர் எழப் பார்த்து, பிறகு உட்கார்ந்துவிட்டார். அடுப்படியில் இருந்த பெண், "யாரும்மா நீ?" என்றாள்.

"இவர் சம்சாரம்."

"ஆபீசரு வூட்டம்மாவா? குந்தும்மா."

"இவர் ஆபீசர் இல்ல. யார்டுல கணக்கு எழுதுறாரு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, தட்டைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கும் இறால் ஆகாது. சின்னதுலேருந்தே. உதடு அரிக்கும், கையில தடிப்பு வரும். பாப்பாவுக்கு வர்ற மாதிரி மோசமா வராது. அதான் மொத நாளே வந்து தின்னு பாக்குறேன். எனக்கு ஒண்ணும் வரலேன்னா அவளக் கூட்டிட்டு வருவேன். இல்லேன்னா வேற கடை."

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நம்ம வீட்டுல என்னைக்கு இறால் வாங்குனோம்? சொல்ற சந்தர்ப்பமே வரல. பாப்பாவுக்கு வந்தப்புறம், என்கிட்டேருந்துதான் வந்துச்சுன்னு சொல்ல வாய் வரல. சொன்னா எங்கயும் விட மாட்டே. பிள்ளைகளும் வீட்டுக்குள்ளேயே கெடக்கும்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் ஒரு கேள்விகூட இதற்குப் பொருந்தவில்லை. கோபம் மட்டும் போகவில்லை. அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

"இதுவரைக்கும் மோசமா வரலேன்னா இனிமேலும் வராதுன்னு யார் சொன்னா? இங்க தனியா விழுந்து கெடந்தா எனக்கு யார் வந்து சொல்லுவா?"

அவர் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அப்போ நீ செக் பண்ண வந்த ஆளு இல்லியா? போன வாட்டி நீ வந்து கேட்டதுக்கு, இருந்த எண்ணெய எல்லாம் கொட்டிட்டு புச்சா ஊத்திகினு கீறேன்."

"ஆபீசர்னு நான் சொல்லலம்மா."

"இல்லேன்னும் சொல்லலியே நீ."

அவர் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிடப் போனார். அந்த நேரத்தில்தான் அவர் முழங்கையின் உள்பக்கம் சிவப்பாக ஒரு தடிப்பு எழும்புவதைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் இன்னொன்று. அவரும் பார்த்துவிட்டார். கடைக்காரப் பெண்ணிடம் திரும்பினேன்.

"எண்ணெ புச்சுதாம்மா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "சட்டிதான் பழ்சு. காலீல அதுல இறா வறுத்தேன்."

அவர் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த மாத்திரையை விழுங்கினார். அந்தப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூரில் டாக்டரிடம் போகும்வரை அவர் உதட்டை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் அவரைத் திட்டிய திட்டில் எனக்குச் சொல்வதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. இனி தின்று பார்க்கிற வேலை கிடையாது என்று பிள்ளைகள் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பாவுக்கும் என்னோடதா?" என்றாள். முகத்தில் ஒரு பெருமை.

நம் சட்டியையே எடுத்துக்கொண்டு போகலாமே என்று சொன்னது மகன். இப்போது துணிப்பையில் ஒரு இரும்புச் சட்டி, கரண்டி, எண்ணெய் பாட்டில், மூச்சு இழுத்தால் உடனே போட டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசி எல்லாவற்றோடும்தான் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். சில கடைகளில் முகத்தைச் சுளித்து அனுப்பிவிடுகிறார்கள். ராயபுரத்து அத்தோக்காரர் விஷயம் தெரிந்து, "அப்போ ஆபீசர் இல்லியா சார்?" என்று கேட்டபோது அந்தக் கடைக்காரர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை. அவர் பேசினை முன்போல இரண்டாம் முறை கழுவுவதில்லை. நான் கேட்டுக் கழுவ வைக்கிறேன்.

எண்ணூருக்கும் போனோம். அந்தப் பெண் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, எங்கள் சட்டியைத் தனி அடுப்பில் ஏற்றினாள். மகள் தின்னத் தின்ன நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, "மெய்யாலுமே அவரு ஆபீசரு இல்லியே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. மசாலா தடவிய மீனில் நல்ல நடுத்துண்டாகப் பொறுக்கி எங்கள் சட்டியில் போட்டாள்.