மூன்றாவது சேம்பரில் தண்ணீர் இல்லை

இது நடந்தது. எனக்கே நடந்தது. என் பெயர் தவ்பீக். குன்னூரில் பத்தொன்பது வருடமாகப் பிளம்பர் வேலை பார்க்கிறேன். வேலைக்குப் போகும் இடத்தில் நேரத்தைக் குறித்து வைப்பது என் பழக்கம். தண்ணீர் விட்டு எத்தனை நிமிடத்தில் கீழே வருகிறது என்று பார்க்க வேண்டுமே, அதற்காக. அன்று குறித்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

போன ஆகஸ்ட். விடாத மழை. அம்மா இறந்து நாற்பதாம் நாள் முடிந்த வாரம் அது. அந்த மாதம் எனக்கு எதுவும் பெரிதாக உறைக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன். கூப்பிட்டால் வேலைக்குப் போனேன். ஜெகதளாவிலிருந்து ஞானசுந்தரி டீச்சர் போன் செய்தபோதும் அப்படித்தான் போனேன்.

டீச்சர் ரிட்டையர் ஆனவர். அவர் கணவர் செல்லதுரை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் சேர்ந்து சரிவான நிலத்தில் புது வீடு கட்டி, கிறிஸ்துமசுக்கு முன்னால் குடி வந்திருந்தார்கள். எட்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் கீழ் பாத்ரூமில் தண்ணீர் இறங்கவில்லை. இறங்காததோடு, தரையில் இருக்கும் ஜல்லடை வழியாக மேலே வந்தது. நாற்றம். இரண்டு பிளம்பர்கள் வந்து கம்பி விட்டுப் பார்த்து, சரியாகிவிட்டது என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். மழை பிடித்தவுடன் மறுபடியும் அதே கதை.

3.05க்குப் போய்ச் சேர்ந்தேன். டீச்சர் பாத்ரூமைக் காட்டினார். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். குபுக்... குபுக் என்று சத்தம். மூச்சு முட்டுகிற மாதிரி. பிறகு தண்ணீர் அப்படியே நின்றது.

புது வீட்டில் இந்தப் பிரச்சினை வந்தால் முதலில் வாட்டத்தைப் பார்க்க வேண்டும். குழாய் போதுமான சரிவில் போகிறதா என்று. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். வாட்டம் சரி. காற்றுக் குழாயும் இருந்தது. அப்படியென்றால் கோளாறு வெளியே. வீட்டிலிருந்து கழிவு நீர் மூடி போட்ட மூன்று சேம்பர் குழிகளைத் தாண்டி, தேயிலை ஆரம்பிக்கும் ஓரத்தில் இருக்கும் தொட்டிக்குப் போக வேண்டும். முதல் இரண்டு சேம்பர் வீட்டை ஒட்டி. மூன்றாவது, தடுப்புச் சுவருக்குக் கீழே. நடுவில் நாற்பது அடி தூரம்.

மூன்று மூடியையும் திறந்தேன். முதலாவது நிறைந்திருந்தது. இரண்டாவதும் நிறைந்திருந்தது. மூன்றாவதில் ஒரு சொட்டு இல்லை. அடியில் பூசிய சிமெண்ட் நேற்றுப் பூசியது போல வெளுத்துக் கிடந்தது. எட்டு மாதம் ஒரு குடும்பம் புழங்கிய வீடு. கறைகூட இல்லை.

அடைப்பு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான். அதில் சந்தேகமே இல்லை. கம்பி விட்டேன். இரண்டு அடியில் நின்றுவிட்டது.

முழு அடைப்பா, கொஞ்சமாவது கசிகிறதா என்று தெரிய வேண்டும். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து இரண்டாவதில் ஊற்றுவேன். மூன்றாவதில் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஃபரீத் அன்று காய்ச்சல் என்று வரவில்லை. செல்லதுரை சாரைக் கேட்டேன். அவர் போர்ட்டிகோவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். மழைச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது, பனியில் கண்ணும் தெரியாது, அதனால் என் சின்னச் சுத்தியலை அவர் கையில் கொடுத்துச் சொன்னேன்.

"நீலத் தண்ணி வந்ததும் பைப்பு மேல ரெண்டு தட்டு தட்டுங்க சார். எனக்குக் கேக்கும்."

சுத்தியலையே பார்த்தார். தலையை ஆட்டினார். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

4.20. நீலம் ஊற்றினேன்.

மூடுபனி தேயிலைப் பக்கமிருந்து ஏறி வந்துவிட்டது. தடுப்புச் சுவர் மறைந்தது. நான் சேம்பர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து குழாய்க்குள் விட்டிருந்த கம்பியின் மேல்முனையில் காதை வைத்திருந்தேன். விரல் நுனியெல்லாம் குளிரில் மரத்துவிட்டது.

4.31. டக்... டக்.

வந்துவிட்டது. பதினோரு நிமிடம். அப்படியென்றால் முழு அடைப்பு இல்லை. தாளில் குறித்தேன். சரிதானா என்று கேட்கிற மாதிரி நான் ஸ்பேனரால் கம்பியில் ஒரு தட்டு தட்டினேன்.

டக்... டக்.

எழுந்திருக்கப் பார்த்தவன், சேம்பரைக் கவனித்தேன். நீலத் தண்ணீர் ஊற்றிய மட்டத்திலேயே நின்றது. ஒரு நூல்கூட இறங்கவில்லை. இங்கிருந்து இறங்காத தண்ணீர் அங்கே எப்படிப் போகும்?

டக்... டக்.

இந்தத் தடவை நான் தட்டவில்லை.

சார் விளையாடுகிற ஆள் இல்லை. ஒருவேளை கைதவறி இருக்கலாம் என்று நினைத்தேன். நேரம் பார்த்தேன். 4.36. மறுபடி தட்டு. 4.37. மறுபடி. ஒரே இடைவெளி. அவசரம் இல்லை. நிறுத்தவும் இல்லை.

இன்னொன்றும் புரிந்தது. பத்தொன்பது வருடக் காது இது. நாற்பது அடி தள்ளித் தட்டினால் சத்தம் மெலிந்து வரும். இது மெலியவில்லை.

பக்கத்தில் கேட்டது.

எனக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில். மண்ணுக்குள்.

எழுந்து கீழே போனேன். படி வழுக்கியது. 4.44.

மூன்றாவது சேம்பர் பக்கத்தில் யாரும் இல்லை.

"சார்?"

ஈர மண்ணில் காலடித் தடம் தேடினேன். நான் மூடி திறக்க வந்தபோது பதிந்தது மட்டும் இருந்தது.

போன் டார்ச்சைச் சேம்பருக்குள் அடித்தேன்.

அடியில் நீலம். இரண்டு விரல் ஆழம். அசையாமல் நின்றது.

டார்ச்சைக் குழாய் வாய்ப் பக்கம் திருப்பினேன். காய்ந்து கிடந்தது. வாயை முழுக்க மூடி ஒரு சிலந்தி வலை. பழசு. தூசி படிந்தது. ஓர் இழைகூட அறுபடவில்லை.

தண்ணீர் அது வழியாக வரவில்லை. ஆனால் தண்ணீர் இருந்தது.

டக்... டக்.

வலை நடுங்கியது.

ஓடவில்லை. ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உடம்பில் பயம் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மூடியை இழுத்து மூடினேன். படி ஏறினேன்.

டீச்சர் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தார். சார் எங்கே என்று கேட்டேன்.

"மேல படுத்திருக்காருங்க தம்பி. நீங்க பேசிட்டுப் போனதுமே பின் வாசல் வழியா உள்ள வந்துட்டாரு. குளிருதுன்னாரு."

"எத்தனை மணிக்கு?"

"நாலே கால் இருக்குமுங்க."

மாடிக்குப் போனேன். அறை இருட்டாக இருந்தது. செல்லதுரை சார் கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. போர்வைக்கு மேலே, நெஞ்சின் மீது, இரண்டு கையாலும் என் சுத்தியலைப் பிடித்திருந்தார்.

என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"தட்டுச்சா?"

"ம்."

"எத்தனை?"

"ரெண்டு."

சுத்தியலை என் பக்கம் நீட்டினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

5.20க்குக் கிளம்பினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். தூங்கினேன். கனவுகூட வரவில்லை.

வேலையைப் பாதியில் விட முடியாது. பாத்ரூமில் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எட்டு நாள் கழித்து மழை விட்டதும் ஃபரீத்தைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டாவது சேம்பரிலிருந்து மண்ணைத் தோண்டினோம். அன்று வெயில் அடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபரீத்திடம் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு அடியில் குழாய் முடிந்துவிட்டது. நுனி ஒடிந்திருந்தது. அதற்கப்புறம் மண். ஐந்து அடி, பத்து அடி, தடுப்புச் சுவர் வரைக்கும் தோண்டினோம். குழாயே இல்லை. மூன்றாவது சேம்பரில் நான் பார்த்த வாய், சுவரில் பதித்திருந்த ஒரு முழத் துண்டு. அவ்வளவுதான். இத்தனை மாதமும் வீட்டுக் கழிவெல்லாம் ஒடிந்த நுனி வழியாக மண்ணில் ஊறிப் போயிருக்கிறது. மழையில் மண் நிறைந்ததும் திரும்பி வந்திருக்கிறது.

கோளாறு என்ன என்று தெரிந்துவிட்டது. எட்டு நாள் முன்னால் நான் எதைத் தட்டினேன், எது திருப்பித் தட்டியது என்பதுதான் தெரியவில்லை.

செல்லதுரை சார் குழி ஓரத்துக்கு வந்து நின்றார். ஃபரீத்தைக் கடைக்கு அனுப்பினேன். அவன் போன பிறகு, குழியைப் பார்த்தபடியே சார் சொன்னார். வீடு கட்டும்போது, அதாவது முந்தின வருடம் ஜூலையில், இந்த இடத்தில் குழாய் பதித்தவர் முத்துவேல் என்ற ஆள். அன்றும் மழை. இன்றைக்கு வேண்டாம், மண் ஈரமாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமசுக்குள் குடி வர வேண்டும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று சொன்னது செல்லதுரை சார். மத்தியானம் மூன்றரைக்கு மேட்டு மண் மொத்தமாகச் சரிந்து குழியை மூடிவிட்டது.

ஆட்கள் ஓடி வந்து தோண்ட ஆரம்பித்தார்கள். அப்போது குழாயில் சத்தம் கேட்டிருக்கிறது. டக்... டக் என்று. முத்துவேல் உயிரோடு இருக்கிறார், உள்ளேயிருந்து தட்டுகிறார் என்று எல்லோருக்கும் தெம்பு வந்துவிட்டது. செல்லதுரை சார் இரண்டாவது சேம்பர் குழியில் இறங்கி, ஒரு கல்லை எடுத்துக் குழாய் நுனியில் பதிலுக்குத் தட்டியிருக்கிறார்.

"நாங்க இருக்கறது அவருக்குத் தெரியணும்ல. அதுக்காகத் தட்டுனேங்க. நான் ஒண்ணு தட்டுனா அவரு ரெண்டு தட்டுவாரு. அஞ்சு மணி வரைக்கும் தட்டுனாரு."

ஐந்து மணிக்குத்தான் உடலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் தோண்ட எந்த ஆளும் வரவில்லை. காண்ட்ராக்டர் உடைந்த குழாயை எடுத்துப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கீழே சேம்பரை மட்டும் கட்டி, லைன் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார். சார் கேள்வி கேட்கவில்லை. டீச்சருக்கு இன்றுவரை குழாய் போடாமல் விட்ட கதை தெரியாது.

நாங்கள் வேறு பக்கமாகப் புது லைன் போட்டோம். நான்கு நாள் வேலை. தண்ணீர் நன்றாக இறங்குகிறது. அதன் பிறகு ஒரு புகாரும் இல்லை.

கடைசி நாள் சாமான்களை ஆட்டோவில் ஏற்றும்போது சார் வாசல் வரைக்கும் வந்தார். எதையோ சொல்லாமல் விட்டவர் மாதிரி நின்றார். பிறகு சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். மண் விழுந்த வேகத்திலேயே முத்துவேலின் கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது. இரண்டு கையும் முறிந்திருக்கிறது. விழுந்த நிமிடமே, மூன்றரை மணிக்கே, உயிர் போய்விட்டது.