தம்பிக்கு நான் நிரப்பிய பாரம்

மனநலச் சேவைக்குக் கூடுதல் நிதி, சட்டத்தில் திருத்தம், கிளினிக்குகளுக்கு இன்னும் ஆட்கள் என்று டிவியில் அமைச்சர் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேசட்டும், யார் வேண்டாம் என்றது? கிள்ளானில் எங்கள் கிளினிக்குக்கு மனநல டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவார். சுவரில் போஸ்டர் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும்.

ஆனால் அமைச்சரைத் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது.

என் தம்பி கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தான். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அவனாகவே என்னிடம் வந்து சொன்னான். நாங்கள் மந்திரித்துக் கயிறு கட்டினோம், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம். இரண்டு மாதம் அதிலேயே ஓடிப்போயிற்று. கடைசியில் அவன்தான், "அக்கா, கிளினிக் போலாம் லா, தாங்க முடியல" என்றான்.

கவுண்டரில் இருந்த பெண் நம் ஆள். எங்கள் ஃப்ளாட்டில்தான் அவளுக்கும் வீடு. வெள்ளிக்கிழமை கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டுவாள். அந்த வாரம்தான் செந்தூலிலிருந்து வந்து என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். குடும்பத்தில் பைத்தியம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை போனால் போதும், அவ்வளவுதான்.

"என்னக்கா, யாருக்கு?" என்றாள் அவள்.

"தம்பிக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. வேற ஒண்ணுமில்ல."

நிரப்பச் சொல்லி அவள் நீட்டிய பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது: மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் கேட்கின்றனவா? தம்பி அதன் மேல் விரலை வைத்தான். நான் விரலைத் தள்ளிவிட்டு 'இல்லை' என்பதில் டிக் போட்டேன். "சும்மா இரு, உள்ள போய் டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்" என்றேன். உள்ளே எங்கே விட்டார்கள்? அந்தப் பாரத்தைப் பார்த்துத்தான் யார் அவசரம், யார் காத்திருக்கலாம் என்று பிரிக்கிறார்கள். தூக்கம் வராதவனுக்கு நான்கு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. உண்மையைப் போட்டிருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்களாம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது மாதம் இரண்டாம் மாடி வராந்தாவிலிருந்து குதித்துவிட்டான். உயிர் பிழைத்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போலீஸ் வந்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனது. முன்பென்றால் தற்கொலை முயற்சி என்று கேஸ் போட்டிருப்பார்கள்; அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள், அந்த மட்டுக்கும் புண்ணியம். செந்தூல்காரர்களுக்கும் எப்படியோ சேதி போய், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். யாருக்காக மறைத்தேனோ அவர்களும் இல்லை.

வார்டில் ஒரு தமிழ் டாக்டரம்மா அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, குரல் எப்போதிருந்து கேட்கிறது என்று விசாரித்தார்.

"அஞ்சு மாசமா" என்றான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே கிளினிக்குக்குக் கூட்டிட்டு வந்தீங்க? ஏன் அப்பவே சொல்லல?"

"எங்களுக்குத் தெரியாதே டாக்டர்" என்றேன். காலில்லாமல் படுத்துக்கிடக்கிறவன் முன்னால் என் வாயில் அதுதான் வந்தது, கருமம்.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா டாக்டர், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். "நான்தான் யார்கிட்டயும் சொல்லல."