ஹப் வேண்டாம்

எங்கள் இசைக்குழுத் தலைவர் பொய் எழுதியிருக்கிறார். குழுவின் பத்தாம் ஆண்டு மலரில், நான்காம் பக்கத்தில், சிரிப்புச் செய்தி போல எழுதியிருக்கிறார்: ஒரு பெண்மணி இலவச சிஸ்டம் போட்ட லேப்டாப்பைக் கொண்டுவந்து, பள்ளிப் பிள்ளைகள் பாடிய பாட்டின் பதிவையே கெடுத்துவிட்டாராம். அது பொய் என்று ஆறு வருடங்களாக எனக்குத் தெரியும். இதை எழுதும்போது ஒரு சாம்பல் நிறப் பெட்டி என் மேசையில் இருக்கிறது. உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவு. கிட்டார், மைக் ஒயர்களை ஒரு பக்கமும் கணினியின் ஒயரை மறுபக்கமும் சொருகினால், அவற்றின் சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி. அதன் தலையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப். அதில் நீலப் பேனாவில் எழுதியிருக்கிறது: "நேரா லேப்டாப்ல சொருகவும். ஹப் வேண்டாம்."

எழுதியவர் எங்கள் குழுவின் கிட்டார் அக்கா. ஸ்கூடாயில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளைப் பார்த்து, ஈயம் சரியாக ஒட்டாததைப் பொறுக்கிப் போடுகிறவர். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட லேப்டாப் ஒன்று அவரிடம் இருந்தது. வழக்கமான சிஸ்டத்தைப் போட்டால் அது மூச்சு வாங்கும். அதனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிற லினக்ஸைப் போட்டார். யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டில் படிப்படியாக எழுதி வைத்துக்கொண்டே செய்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. தலைவர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து செய்வார். முதல் ஞாயிறு, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து என்னவோ தட்டினார். ஒலிக் கருவிகளைத் தொட அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் அவருடைய பெயரே இல்லையாம். "என் லேப்டாப்புக்கே என்னைய தெரியல பாருங்க" என்று சிரித்தார். இரண்டாம் ஞாயிறு சத்தம் வந்தது, ஆனால் தந்தியைத் தட்டிக் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. "அலமாக், அக்கா! நீங்க இங்க தட்டுனா அது கோஸ்வே பாலத்து ஜாம்ல நின்னுட்டு வருது லா" என்று தலைவர் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். சத்தத்தை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புவது என்ற எண்ணை அக்கா குறைத்துக்கொண்டே வந்தார். ஆயிரத்து இருபத்து நான்கு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு, இருநூற்று ஐம்பத்தாறு. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் கேட்டதை எழுதினார். மூன்றாம் ஞாயிறு நூற்று இருபத்தெட்டில் நின்றார். தந்தியைத் தொட்டதும் சத்தம். அன்றுதான் அக்கா அந்த டேப்பை ஒட்டினார். ஹப்பில் சொருகிப் பார்த்ததாகவும் சத்தம் கிழிவதாகவும் சொன்னார். ஒரு ஓட்டையை நான்காக்கும் அந்தக் கட்டையில் மற்ற சாமான்களும் சேர்ந்து சொருகினால் பெட்டிக்குக் கரண்ட் போதாது. அது எனக்கு உடனே புரிந்தது. என் தொழில் வயரிங்.

பத்து பாகாட்டில் ஒரு தமிழ்ப் பள்ளியின் கலை நிகழ்ச்சி. முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள். அக்காவின் மகளும் அதில் ஒருத்தி. நடுவில் ஒரு வரியை அவள் தனியாகப் பாட வேண்டும். அக்கா கிட்டார் வாசித்துக்கொண்டே பதிவும் செய்வதாக ஏற்பாடு. பதிவைப் பெற்றோர் எல்லாருக்கும் தருவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா பிள்ளைகளை வரிசையாக நிறுத்தப் போனார். தலைவர் ஓடி வந்தார். நிகழ்ச்சி நிரல் முழுக்க அவருடைய கைப்பேசியில் இருந்தது.

"டேய் வயர்மேன், போன் சாவப் போவுதுடா. ஒரு வழி பண்ணு."

சுவரில் இருந்த பிளக் எல்லாம் நிரம்பியிருந்தது. லேப்டாப்பில் இரண்டு ஓட்டைகள், ஒன்று உடைந்தது. என் பையில் ஹப் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, ஹப்பைச் சொருகி, அதில் பெட்டியையும் கைப்பேசியையும் சேர்த்துச் சொருகி, மேசைத் துணிக்கு அடியில் தள்ளினார். டேப்பை நான் பார்த்தேன். "அக்கா வேணாம்னு எழுதியிருக்காங்களே" என்றேன். "அவங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். நான் விட்டுவிட்டேன். மண்டப ஸ்பீக்கர்களுக்குத் தனி ஒயர். அதனால் அங்கே பாட்டு நன்றாகவே கேட்டது. கைதட்டினார்கள். முடிந்ததும் தலைவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டார், நான் ஹப்பைப் பையில் போட்டுக்கொண்டேன். அக்கா எதையும் பார்க்கவில்லை.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. நிகழ்ச்சிக்கு அடுத்த ஞாயிறு காலையில் ஸ்கூடாயில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கூடுவோம். அதற்கு போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். எங்கே பிசகியது, யாரால் பிசகியது என்று தலைவர் சொல்வார். சொன்ன பிறகு யாரும் மறுத்துப் பேசக் கூடாது. ரொட்டி சானாய் வரும், சாப்பிடுவோம், விஷயம் அதோடு முடிந்தது. அன்று அக்கா லேப்டாப்பை மேசையில் வைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினார். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம், பிறகு வெறுமை. மகளின் வரி வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"ஓசி சாமான் இப்படித்தான் லா" என்றார் தலைவர். "பிள்ளைங்க பாட்டு போச்சி. பேரண்ட்ஸ்க்கு நான் என்னா பதில் சொல்றது?"

அக்கா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாதான வச்சேன்... எங்க தப்பு பண்ணேன்னு தெரியல. மன்னிச்சிக்குங்க." தலைவர் என்னைப் பார்த்தார். நான் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அக்கா எழுந்தபோது பெட்டியையும் நோட்டையும் என் பக்கம் தள்ளினார். "நீங்க வச்சிக்குங்க தம்பி, ஒயர் வேல தெரிஞ்சவரு." அதற்குப் பிறகு அவர் குழுவுக்கு வரவில்லை.

போன தீபாவளிக்கு முன்பு தங்காக்கில் ஒரு ஜவுளிக் கடையில் அவரைப் பார்த்தேன். மகள் அம்மா உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். கிட்டார் வாசிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் மகள் சொன்னாள்: "அம்மா இப்ப எதையும் தொட மாட்டாங்க அங்கிள். தொட்டா கெட்டுப் போயிரும்." விளையாட்டாகத்தான் சொன்னாள். அக்காவும் சிரித்தார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சேலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டை எடுத்தேன். என் பழைய லேப்டாப்பில் அதே லினக்ஸைப் போட்டு, அக்கா எழுதியபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். பட்டியலில் பெயரைச் சேர்த்தேன். நூற்று இருபத்தெட்டில் வைத்தேன். நேராகச் சொருகினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி சாயங்காலம் வரை பதிவு செய்தேன். ஓர் இடத்திலும் கிழியவில்லை. பிறகு அதே ஹப்பை எடுத்து, பெட்டியையும் என் கைப்பேசியையும் சேர்த்துச் சொருகினேன். ஒரு நிமிடம் தாங்கவில்லை. அதே கிழிசல். அக்காவின் நோட்டில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. தப்பு என் பையில் இருந்தது, அதை நான் ஆறு வருடம் சுமந்துகொண்டு ஊர் ஊராக வேலைக்குப் போயிருக்கிறேன்.

அதன் பிறகும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், இந்த மலர் கைக்கு வரும் வரை. போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். மகளும் பக்கத்தில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். "ஹப்பா?" என்று மட்டும் கேட்டார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா வாசல் வரை வந்தார்.

"எங்கிட்ட வந்து சொன்னா போதாது தம்பி. என்னைய எத்தன பேர் முன்னால நீங்கல்லாம் தப்பு சொன்னீங்களோ, அத்தன பேர் முன்னால சொல்லுங்க."

குழுவில் எல்லாரும் படிக்கட்டும் என்று என் பங்கை இதில் சொல்லிவிட்டேன். ஹப்பைக் கொடுத்தவன் நான். எழுதியிருந்ததைப் படித்துவிட்டும் கொடுத்தவன் நான். கடையில் ரொட்டி தின்றுகொண்டு சும்மா இருந்தவன் நான். வயரிங் தொழில் செய்கிறவன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

பெட்டி இதோ மேசையில் இருக்கிறது. டேப்பின் ஓரம் சுருண்டுவிட்டது, எழுத்து மட்டும் அழியவில்லை. தலைவரே, வரும் ஞாயிறு அதே கடைக்கு இதைக் கொண்டு வருகிறேன். அக்காவையும் மகளையும் கூப்பிட்டிருக்கிறேன். குழுவில் எல்லாரும் இருப்பார்கள். ரொட்டி வருவதற்கு முன்னால் இந்த டேப்பில் இருப்பதைச் சத்தமாகப் படியுங்கள். படித்துவிட்டு, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: அந்த ஹப்பைச் சொருகியது யார்?